யாருடைய புளிப்பு

அன்று காலையும் என் மனைவி சமையலறை ஜன்னலோரம் வந்து நின்று வாயைத் திறந்தாள். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் எட்டிப் பார்த்தேன். பல் துலக்குவதுபோல அதுவும் எங்கள் வீட்டில் ஒரு காலை வேலையாகிவிட்டிருந்தது.

"சிவந்திருக்கா?" வாயை மூடாமலே கேட்பாள். வேறு யாருக்காவது அது கொட்டாவிபோலத்தான் கேட்கும். எனக்குப் புரியும்.

"இல்ல, நல்லா இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சோதனைக் குழாயைப் பாக்குற மாதிரி பாக்காதீங்க."

மறுபடியும் பார்த்தேன். உள்நாக்கு, அதற்குப் பின்னால் ஈரமான சுவர். ஒரு காலத்தில் அங்கே தேய்த்துப் புண்ணாக்கியது மாதிரி ஒரு சிவப்பு இருக்கும். அன்றைக்கு அது இல்லை. வெளிறிய, ஆரோக்கியமான நிறம். இல்லையென்று திரும்பவும் சொன்னேன். அவள் வாயை மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, வெள்ளை ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே மேகம் கூடியிருந்ததால் குடையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"பரீட்சைக்குப் போறவகிட்ட சொல்றதுக்கு உங்களுக்குக் குடைதான் கிடைச்சுதா?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு அவள் கண் திறந்து நான் பார்க்கவில்லை. கடைசியாக முகத்தைப் பார்த்தேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அக்கறையாகப் பார்த்தது அவள் தொண்டையை.

அவள் ஒரு சாஸ் தொழிற்சாலையில் சுவை பார்ப்பவள். தக்காளி சாஸ். பெரிய கொப்பரையில் தக்காளி விழுது, வினிகர், சர்க்கரை, உப்பு எல்லாம் கொதித்து இறங்கியதும் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் சரி என்று சொன்னால்தான் அந்தக் கொப்பரை பாட்டிலுக்குள் போகும். அந்த வேலைக்கென்று தனி அறை இருந்தது. அதற்குள் யாரும் வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரக்கூடாது. வீட்டில் நானும் வாசனை இல்லாத சோப்பையே உபயோகித்தேன். கல்யாணமான புதிதில் என் சட்டையை முகர்ந்து, "ரசாயனக் கூடம் வந்துடுச்சு" என்பாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். எங்கள் இருவருக்கும் அமிலம்தான் சோறு போட்டது என்று அவளுடைய தம்பி கேலி செய்வான்.

தொழிற்சாலையில் அவளை நாக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவை பார்க்கிறவர்கள் வழக்கமாக வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். இவள் துப்பமாட்டாள், விழுங்குவாள். இனிப்பும் உப்பும் நாக்கிலேயே தெரிந்துவிடும், புளிப்பு அப்படியில்லை என்பது அவள் கட்சி. நல்ல சாஸில் புளிப்பு கடைசியில் வந்து முதலில் கிளம்ப வேண்டும். வந்ததா என்பதை நாக்கு சொல்லும், கிளம்பிவிட்டதா என்பதைத் தொண்டைதான் சொல்லும். "புளிப்பு நல்ல விருந்தாளி மாதிரி இருக்கணும். சில கொப்பரைல அது கையைக் கழுவிட்டும் உக்காந்து கதை பேசிட்டே இருக்கும்," என்பாள்.

அங்கே பரிசோதனைக்கூடத்துப் பொறுப்பாளராக ஓர் இளைஞர் இருந்தார். அமில அளவைக் காட்டும் கருவியும் கையுமாகத் திரிந்ததால் அவருக்கு மீட்டர் என்று பெயர். இவளுக்கும் அவருக்கும் தினமும் வாக்குவாதம் நடக்கும். அவர் எண்ணைக் காட்டுவார். இவள், "உங்க மெஷின் முழுங்காது தம்பி," என்று முடித்துவிடுவாள். சண்டை முடிந்ததும் இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள்.

முதலில் வந்தது செருமல்தான். காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமுவாள். பிறகு சாப்பிட்டதும் செருமல். பிறகு பேச்சுக்கு நடுவில் செருமல். தொலைபேசியை எடுத்து முதலில் செருமிவிட்டுத்தான் ஹலோ சொல்வாள். மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அக்கா செருமுனா யாருக்கோ திட்டு விழப் போகுதுன்னு அர்த்தம். நான் கிளம்புறேன் மச்சான்," என்று எழுந்தான். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், சிரித்து முடித்துச் செருமினாள்.

பிறகு குரல் கம்மியது. தொண்டையில் ஒரு மாத்திரை மாட்டிக்கொண்டு கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றாள். விழுங்கிப் பார்ப்பாள், தண்ணீர் குடித்துப் பார்ப்பாள். மாத்திரை அங்கேயே நிற்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நெஞ்சு எரியவில்லை, புளித்த ஏப்பம் இல்லை. சாப்பாடு ஒழுங்காக இறங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டால் அவளால் விளக்க முடியாது. தொண்டையில் ஏதோ இருக்கிறது என்பாள். பார்த்தால் ஒன்றும் இருக்காது.

மருத்துவர்களிடம் போனோம். ஒருவர் சளி என்று சிரப் கொடுத்தார். ஒருவர் ஒவ்வாமை என்று சொல்லி வீட்டில் இருந்த பழைய கம்பளியை எறியச் சொன்னார், எறிந்தோம். இன்னொருவர் கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், எல்லாம் சரியாக இருந்தது. அதற்கடுத்தவர் காகிதங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, கனிவாக, "உங்களுக்கு மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு டாக்டர்," என்றாள் இவள். "தொண்டைல ஏதோ மாட்டியிருக்கேன்னு கவலை."

வெளியே வந்து படியிறங்கும்போது அந்தக் காகிதங்களை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். வேடிக்கையாகப் பேசிவிட்டாளே தவிர, மனசுதான் காரணம் என்று ஒருவர் சொன்னது அவளை வெகுவாகப் பாதித்துவிட்டது. தன் உடம்புக்குள் நடப்பதைத் தன்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு கரண்டி சாஸில் அரைச் சிட்டிகை உப்பு கூடியிருந்தால் சொல்லத் தெரிந்தவள் அவள்.

தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று புதினா மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்று கரைந்ததும் அடுத்தது. கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு மறுபடியும் செருமல். கைப்பையில், ஏப்ரன் பாக்கெட்டில், தலையணைக்கு அடியில் எங்கும் பச்சைக் காகிதச் சுருள்கள். மைத்துனன் தினமும் கைப்பேசியில் ஏதாவது வைத்தியத்தை அனுப்புவான். வெறும் வயிற்றில் இதைக் குடி, இந்தப் பக்கம் திரும்பி மூச்சை இழு. "நீ அனுப்புற வீடியோவைப் பாத்தா எனக்கு இல்லாத வியாதியும் வருதுடா," என்பாள். ஆனாலும் அவன் சொன்னதில் பாதியைச் செய்து பார்த்தாள். எலுமிச்சை சாறு கலந்த வெந்நீர் அதில் ஒன்று. அதைக் குடித்த வாரம் குரலே எழும்பவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் அது நடந்தது.

ஒரு கொப்பரை அவளிடம் வந்தது. புளிப்பு கிளம்பமாட்டேன் என்கிறது, சர்க்கரை சேருங்கள் என்றாள். சேர்த்தார்கள். இன்னும் போகவில்லை என்றாள். மீட்டர் தன் எண்ணைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறதே அக்கா என்றார். மேலாளர் வழக்கம்போல இவள் பக்கம் நின்றார். அடுத்த கொப்பரைக்கும் அதே கதை, அதற்கடுத்ததற்கும். வினிகரைக் கொண்டுவருகிறவனை மாற்ற வேண்டும் என்றுகூட ஒரு பேச்சு வந்தது.

அந்த பாட்டில்கள் கடைகளுக்குப் போய்க் கொஞ்ச நாளில் திரும்பி வந்தன. ஓர் உணவகக்காரர் தொலைபேசியில், சாஸ் கேட்டால் ஜாம் அனுப்பியிருக்கிறீர்களே, ரொட்டிக்குத் தடவவா என்று கேட்டாராம். லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது இவளும் நின்று பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை ஒரு பாட்டிலோடு வீட்டுக்கு வந்தாள். உடை மாற்றாமல், நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியில் ஊற்றி என் வாயில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

இனிப்பாக இருக்கிறது என்றேன். மழுப்பாமல் சொல்லுங்கள் என்றாள். ரொம்ப இனிப்பாக இருக்கிறது, புளிப்பே தெரியவில்லை என்றேன். அவள் அதே கரண்டியில் மிச்சமிருந்ததை நக்கினாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"தண்ணியும் புளிக்குதுங்க," என்றாள்.

அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. அழுகை இல்லை. ஒரு கணக்கின் விடை கிடைத்தவள் பேசுகிற மாதிரி இருந்தது. இத்தனை நாளும் கொப்பரையில் இருந்தது என்று அவள் நினைத்த புளிப்பு அவளுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னாலேயே அது தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்க பள்ளிக்கூடத்துல அந்தக் காகிதம் இருக்குமே, அதைக் கொண்டாங்க," என்றாள்.

வேதியியல் ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி நீல லிட்மஸ் தாள் கொஞ்சம் வாங்கி வந்தேன். அமிலம் பட்டால் சிவப்பாகும். காலையில் ஒன்றை நாக்கில் ஒற்றிப் பார்த்தாள். நீலமாகவே இருந்தது. மறுநாளும் நீலம். "உங்க காகிதத்துக்கும் என்மேல நம்பிக்கை இல்ல போல," என்றாள். எத்தனையோ நாள் நீலம். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக் குனிந்து செருப்பு வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தவள், சட்டென்று கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். ஒற்றி எடுத்தாள். அது மெதுவாகச் சிவந்தது.

அதைப் பார்த்து அவள் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாசலில் நின்று அந்தச் சிவப்புத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றாள். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், இது என்ன வாழ்த்து அட்டையா என்று கேட்டுப் பதில் போட்டாள்.

அந்தத் தாளோடுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. தாளைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. மெல்லிய குழாயொன்றை மூக்கு வழியாக இறக்கித் திரையில் காட்டினார். குரல் வருகிற இடத்துக்குப் பின்பக்கம் முழுவதும் சிவந்து வீங்கியிருந்தது. வயிற்று அமிலம் மேலே ஏறி வருகிறது, அமில எதுக்களிப்பு என்றார். நெஞ்சே எரியவில்லையே என்று நான் கேட்டேன். சிலருக்கு எரியாது, நெஞ்சைத் தொந்தரவு செய்யாமல் தாண்டி மேலே வந்துவிடும், சத்தமில்லாமல் வருவதால்தான் கண்டுபிடிக்க நாளாகிறது என்றார். வயிறு அந்த அமிலத்தைத் தாங்கும், தொண்டை கொஞ்சம்கூடத் தாங்காது.

"அப்ப நான் பொய் சொல்லல," என்றாள் இவள்.

"யார் சொன்னா நீங்க பொய் சொல்றீங்கன்னு?" என்று மருத்துவர் கேட்டார். இவள் ஒரு புதினா மிட்டாயைப் பிரித்தாள். புதினா மிட்டாயை முதலில் நிறுத்துங்கள், அது வயிற்று வாயை இன்னும் தளர்த்திவிடும் என்றார் மருத்துவர். இவள் பைக்குள் கையை விட்டு, இருந்த மிட்டாய்களையெல்லாம் அள்ளி அவர் மேசைமேல் வைத்தாள். களவுப்பொருளை ஒப்படைக்கிற மாதிரி இருந்தது.

மறுநாளே அவள் மேலாளரிடம் போய், கொஞ்ச காலத்துக்கு என் நாக்கை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் வேண்டாம், லீவு போடுங்கள் என்றாராம். இவள் கேட்கவில்லை. லேபிள் ஒட்டுகிற பகுதிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அங்கே கோணலாக ஒட்டியவற்றைப் பொறுக்கி எடுக்கிற வேலை. நாக்கக்கா கண்ணக்கா ஆயிட்டாங்க என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். மீட்டர் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் தலை குனிந்துகொண்டு போவாராம். "ஜெயிச்சவன் மாதிரியா இருக்கு அந்தப் பையன் மூஞ்சி? சண்டை போட ஆளில்லாம வாடிப் போயிட்டான்," என்பாள்.

நிவாரணம் என்பது ஒரே நாளில் வருகிற சமாச்சாரம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை. டீ இல்லை, காபி இல்லை, சாக்லேட் இல்லை. தக்காளி கூடாது. சாஸ் தொழிற்சாலைக்காரி வீட்டில் தக்காளிக்குத் தடை. ஏப்ரன் நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற பழக்கத்தை விட வேண்டியிருந்தது, இறுக்கினால் வயிறு அமுங்கி மேலே தள்ளுமாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் நான் மரக்கட்டைகளை வைத்து உயர்த்தினேன். அவள் அசையாமல் தூங்கினாள். நான்தான் காலையில் கால்மாட்டில் கிடப்பேன். மைத்துனன் வந்து கட்டிலைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், இந்த வயசுல சறுக்குமரமா?" என்றான்.

சில வாரம் நன்றாக இருக்கும். நாங்கள் இருவரும் ரகசியமாகச் சந்தோஷப்படுவோம், வாய்விட்டுச் சொன்னால் போய்விடுமோ என்று பேசமாட்டோம். பிறகு ஒரு கல்யாண வீட்டில் எதையோ சாப்பிட்டு, எல்லாம் ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். அந்த நாட்களில் அவள் யாரோடும் பேசமாட்டாள். பேசினால் குரல் உடையும் என்பதற்காக இல்லை. யாராவது, இன்னுமா சரியாகவில்லை என்று கேட்டுவிடுவார்கள் என்பதற்காக. பார்க்கத் திடகாத்திரமாக இருந்தாள். நோயாளி மாதிரி இல்லாத நோயாளிக்கு யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை.

திடீரென்று ஏறும்போது என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. தொண்டையைப் பிடிக்கும், மார்புக்கு நடுவில் ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கும். அப்போது நிமிர்ந்து உட்கார வேண்டும். இடுப்பில் கட்டியிருப்பதைத் தளர்த்த வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பயப்படாமல் காத்திருந்தால் இறங்கிவிடும். முதல் தடவை அப்படி வந்தபோது பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்தைப் பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை, அமிலம்தான் என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்தது, எத்தனையோ தடவை இறங்கியது. தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த பெண்களுக்கும் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவள் நெஞ்சைத் தொட்டால் ஒருத்தி நாற்காலியை இழுப்பாள், ஒருத்தி தண்ணீருக்குப் போவாள்.

இரண்டாவது வருட முடிவில் தொண்டை வெளிற ஆரம்பித்தது. செருமல் குறைந்தது. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தபடி இருந்தாள். என்ன என்றேன்.

"தண்ணி தண்ணியா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மேலாளரிடம் போய், ஒரு பரீட்சை வையுங்கள் என்று கேட்டாள். பழைய வேலையைத் தராவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் நான், லேபிள் வேலையே நிம்மதியாகத்தானே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன்.

"வேலை கிடக்குதுங்க," என்றாள். "வாயில ஒண்ணைப் போட்டா அது அதோட ருசியா, என் வயித்தோட ருசியான்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம எப்படிங்க இருக்குறது?"

மீட்டர்தான் பரீட்சையைத் தயார் செய்தார். கோப்பைகளில் சாஸ். சிலவற்றைச் சரியாகவும் சிலவற்றை வேண்டுமென்றே கெடுத்தும் வைப்பார். எது எப்படி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தடவை விழுங்கக்கூடாது, துப்ப வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். துப்பிப் பழகுவதற்காக ஒரு வாரம் வீட்டில் குழம்பையெல்லாம் வாயில் வைத்து வைத்துத் துப்பினாள். என் சமையலுக்கு அது பொருத்தமான மரியாதைதான் என்று நான் சொன்னேன்.

அந்தப் பரீட்சை நாளன்றுதான் குடை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

முற்பகலில் ஆய்வகத்தில் பிள்ளைகள் விட்டுப்போன குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியரே வந்து கூப்பிட்டார். அவர் என்னைத் தேடி வருகிற வழக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மைத்துனன் எனக்கு முன்னாலேயே வந்து சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், "மச்சான்," என்றான்.

இதயம் என்றார்கள். அடைப்பு. கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். பணியில் இருந்த மருத்துவர் சின்ன வயதுக்காரர். முன்னால் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று கேட்டார். அமில எதுக்களிப்பு, இரண்டு வருடமாக என்றேன். மைத்துனன் திரும்பி, அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா டாக்டர் என்று கேட்டான். குரல் ஏறியிருந்தது. பல சமயம் எங்களுக்கே கருவியை வைத்துப் பார்க்காமல் தெரியாது, இரண்டும் அதே இடத்தில்தான் அழுத்தும் என்றார் அவர். மைத்துனன் உட்கார்ந்துகொண்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மழை பெய்ய ஆரம்பித்திருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, மகளும் திரும்பிப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் அவள் வைத்திருந்த சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ போடட்டுமா என்று கேட்டேன். வீட்டில் டீத்தூள் இல்லை என்பது கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, வேண்டாம் என்றார்.

கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "பரீட்சை எப்படிப் போச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்," என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பரீட்சை. அதன் முடிவு இந்த உலகத்தில் ஒருவருக்குத் தெரியும், அவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லுங்கள் என்றேன்.

"கடைசிக் கோப்பை வரைக்கும் ஒண்ணுகூடத் தப்பில்ல சார். சர்க்கரை கூட இருந்ததைச் சொன்னாங்க. உப்பு குறைஞ்சதைச் சொன்னாங்க. ஒண்ணுல தக்காளியே வேற மாதிரி இருக்குன்னாங்க. அது உண்மையிலேயே வேற லோடுதான், எனக்கே அப்புறம்தான் தெரியும். மேலாளர் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தார்."

"கடைசிக் கோப்பை?"

அவர் மறுபடியும் பையின் காதைத் திருகினார். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

"வாயில வச்சாங்க, துப்புனாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் நெஞ்சைத் தடவிக்கிட்டே, 'புளிக்குது தம்பி. ஆனா இது கோப்பையோடது இல்ல, என்னோடது. ஏறிடுச்சு. கோப்பை சரியாத்தான் இருக்கும், அப்படியே எழுதிக்கோ'ன்னாங்க."

உடனே பெண்கள் நாற்காலியைப் போட்டார்களாம். நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏப்ரன் நாடாவைத் தளர்த்திவிட்டார்கள். வெந்நீர் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். தாடை வலிக்கிறது என்றிருக்கிறாள். முகம் வியர்த்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா அக்கா என்று இவர் கேட்டதற்கு, எதுக்குப் பதற்றம், இப்ப இறங்கிடும் என்று கையமர்த்தியிருக்கிறாள். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்தது. அப்புறம் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அந்தக் கோப்பைல நான் வினிகர் கூட ஊத்தியிருந்தேன் சார்," என்றார் மீட்டர். "நிறையவே ஊத்தியிருந்தேன். கடைசில வச்சு ஏமாத்திப் பாக்கலாம்னு. புளிச்சது கோப்பைதான்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையின் புளிப்பைத் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். தனக்குள் வந்த வேறொன்றையும் அதே புளிப்பு என்று நினைத்திருக்கிறாள். அன்று அவளுடைய நாக்கு பிசகவே இல்லை. ஜாம் மாதிரியான பாட்டில்களை லாரியிலிருந்து இறக்கிய நாளிலிருந்து அவள்தான் அதை நம்புவதை விட்டுவிட்டாள். நாக்கு திரும்பி வந்துவிட்டதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வந்துவிட்டிருந்தது. அதை அவளிடம் சொல்ல மீட்டருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"என்னன்னு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க சொன்ன மாதிரி எழுதல சார்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல புளிக்குதுன்னாங்க. அதைத்தான் எழுதினேன். எல்லா விடையும் சரின்னு போட்டுட்டேன்."

நல்லது என்றேன். அவர் போகும்போது வாசல்வரை போனேன். படியிறங்கியவர் திரும்பி, இப்போது சுவை பார்க்க ஒரு புது அம்மா வந்திருக்கிறார், நான் எந்த எண்ணைக் காட்டினாலும் சரி தம்பி, சரி தம்பி என்கிறார் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த எரிச்சலைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

மைத்துனன் அடிக்கடி வருகிறான். முன்னைப்போலக் கேலி செய்ய முயல்கிறான், நானும் சிரிக்க முயல்கிறேன். கைப்பேசியில் வைத்தியம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். போன வாரம் வேலை முடிந்ததும் நேராக வந்து, கிளம்புங்க மச்சான், வெளிய போய்ச் சாப்பிட்டு வரலாம், இப்பப் போனாத்தான் உட்கார இடம் கிடைக்கும் என்றான். நான் சாப்பிட்டாகிவிட்டது என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தெருவில் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"வெயிலே இறங்கலையே மச்சான், அதுக்குள்ளயா?"

படுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் அவள் பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவாள். அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டாமே என்று நானும் கூடவே சாப்பிட்டேன். எனக்கு எந்த எதுக்களிப்பும் இல்லை, இருந்ததும் இல்லை. ஆனாலும் வெயில் இருக்கும்போதே எனக்குப் பசித்துவிடுகிறது.